ஞாயிற்றுக்கிழமை ரிசோட்டோக்காரர்

திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதியாளரிடையே, மிலானுக்கு அடிக்கடி சென்று திரும்புவதன் விளைவாக, ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறைக்குள் புகுந்து ரிசோட்டோ கிண்டும் ஒரு தனிவகையினர் தோன்றியுள்ளனர். ரிசோட்டோ என்பது வட இத்தாலியருக்குரிய சோறு. குட்டையும் தடிப்புமான அரிசியை வெண்ணெயில் வதக்கி, கொதிக்கும் எலும்புச்சாற்றைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கிளறி, அரிசியின் மாவுச்சத்தினாலேயே அது வழவழப்பாகக் குழைந்து வருமாறு செய்வது. வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் 1978இல் மும்பை ஏற்றுமதியாளர் வழியாக வெள்ளை டி-சட்டை தேடி இவ்வூருக்கு வந்து ஏற்றுமதிக்கு வழிகோலியது ஊரறிந்த வரலாறு. ஆதலால் இத்தாலியச் சோறு கிண்டுவது நன்றிக்கடன் என்று ரிசோட்டோக்காரர் விளக்குவார். அந்த நன்றிக்கடன் பாத்திரம் கழுவுவது வரை நீள்வதில்லை.

இவரது சமையல்முறையை அறிய, ஊரின் தொழில்முறையை முதலில் அறிதல் வேண்டும். நூல் வாங்குபவர் ஏற்றுமதியாளரே எனினும், அதைத் துணியாகப் பின்னுவது ஒரு பட்டறை, சாயமேற்றுவது மற்றொன்று, துவைத்தால் சுருங்காதவாறு துணியை முன்கூட்டியே இறுக்கும் காம்பாக்டிங் வேறொன்று என வேலை பல இடங்களுக்குக் கூலிக்கு விடப்படும். இதற்கு ஜாப் ஒர்க் என்று பெயர். அவ்வாறே, சின்ன வெங்காயம் உரித்து நறுக்குவது மனைவிக்கும், வெள்ளாட்டு எலும்பை வேகவைத்துச் சாறிறுப்பது சமையற்கார அம்மாளுக்கும், சீஸ் துருவுவது மகளுக்கும், ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கி வருவது ஓட்டுநருக்கும் பிரித்தளிக்கப்பட, கிண்டுவதும் லேபிள் ஒட்டுவதும் மட்டுமே தலைமை நிறுவனத்தின் பணியாக எஞ்சுகின்றன.

வாரம் ஆறு நாளும் பையர் எனப்படும் அயல்நாட்டு வாங்குநரின் குறைகளுக்குத் தலையாட்டியவர், ஏழாம் நாள் தாமே பையராகிவிடுவது இங்குக் கவனிக்கத்தக்கது. மனைவி பழக்கத்தால் அரிசியைக் கழுவிவிட்டால், மேல்மாவு போய்விட்டதென்று அந்த லாட்டையே ரிஜெக்ட் செய்வார். (கழுவக் கூடாது என்பது உண்மையே, குற்றம் விதியில் இல்லை, அதைச் சொல்லும் தொனியில் உள்ளது.) மிலான் பாணியில் குங்குமப்பூ சேர்ப்பதுண்டாகையால், அதன் மஞ்சள் நிறத்தை, சாயப்பட்டறையிலிருந்து ஒப்புதலுக்கு வரும் லேப் டிப் என்னும் மாதிரித் துண்டைப் பார்ப்பதுபோல் ஜன்னலோரம் கொண்டுசென்று, பான்டோன் அட்டையோடு ஒப்பிட்டு, அரை ஷேடு குறைகிறதென்று தீர்ப்பளிப்பார். "ஏனுங்க, இன்னுங்கொஞ்சம் பூவு போட்டா ஆகாதுங்களா?" என மனைவி கேட்டதும், பையர் மறைந்து, கிராம் விலையை நன்கறிந்த ஏற்றுமதியாளர் திரும்பி வந்து, இந்த ஷேடே போதும் என்பார்.

அரிசி பதமாக ஏறத்தாழ 18 நிமிடம் அடுப்பருகே நின்றாக வேண்டும். ஷிப்மென்ட் தேதி பற்றிய அழைப்பு அந்த 18 நிமிடத்திற்குள் தவறாமல் வருவதால், கிண்டும் வேலையும் ஜாப் ஒர்க்குக்குப் போய்விடுகிறது. அவர் பேசி முடிப்பதற்குள் மனைவி பதம் பார்த்து அடுப்பை அணைத்திருப்பார். அவர் குளிர்ந்த வெண்ணெயும் சீஸும் போட்டு நாலு சுற்றுச் சுற்றி, உற்பத்தியாளர் என்ற இடத்தில் தம் பெயரைப் பொறித்துக்கொள்வார்.

தட்டைச் சாய்த்தால் சோறு அலையாக நகர வேண்டுமென்பது இத்தாலியர் வகுத்த பதம். அவர் சாய்த்துக் காட்டுவார். கொங்குநாட்டு அரிசிம்பருப்பை மூன்று தலைமுறைக்குக் குழையக் குழைய ஆக்கிப்போட்ட தாயார் அதை நெடுநேரம் நோக்கிவிட்டு, "இதுல பருப்பு எங்க சாமி?" என்று மட்டும் வினவுவார்.

இவ்வளவு தரக்கட்டுப்பாட்டுக்குப் பின்னும் பாதிச் சட்டி மிஞ்சும். ஏற்றுமதியில் தள்ளுபடியான பனியன் உள்ளூர்ச் சந்தையான காதர்பேட்டைக்குப் போகும். இங்கு அதே வேலையை வாணலி செய்கிறது. மாலையில் மனைவி மிஞ்சியதை உருட்டி, கடலைமாவில் தோய்த்து எண்ணெயில் பொரிக்க, பிள்ளைகள் தேங்காய்ச் சட்னியோடு தின்று தீர்ப்பர். சிசிலியில் இதற்கு அரான்சினி என்று பெயர் எனவும், காலையிலேயே இதைத் திட்டமிட்டுத்தான் அளவு கூட்டியதாகவும் அறிவித்து, கடைசி உருண்டையை அவர் எடுத்துக்கொள்வார்.