குடிலும் அதன் குடிமக்களும்: தூத்துக்குடி வீடொன்றின் கிறிஸ்துமஸ் மரபு குறித்து ஓர் ஆய்வு

கிறிஸ்துமஸ் குடிலைப் பற்றி எழுதுகிற எவரும் 1223ஆம் ஆண்டில் தொடங்குவது வழக்கம். அந்த ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்ற மலையூரில் அசிசியின் புனித பிரான்சிஸ், வைக்கோலைப் பரப்பி, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தி, நடுச்சாமப் பூசைக்கு ஏற்பாடு செய்தார். ஊரறிந்த செய்தி, ஆய்வாளனுக்கு அதில் வேலையில்லை. எங்கள் வீட்டுக் குடிலில் மாட்டைவிட ஆடு ஏன் பெரியது, புலி எந்த வழியாக உள்ளே வந்தது, பஞ்சு எங்கே எவ்வளவு என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாருடையது ஆகிய கேள்விகளை மட்டும் இதுவரை யாரும் தொடவில்லை.

முதலில் மூலநூல்கள். பிறப்புச் செய்தியைச் சொல்லும் நற்செய்திகள் இரண்டே: லூக்காவில் இடையர்களும் தீவனத்தொட்டியும் உண்டு, விண்மீன் இல்லை. மத்தேயுவில் விண்மீனும் கீழ்த்திசை ஞானிகளும் உண்டு, இடையர்கள் இல்லை. மாடும் கழுதையும் இரண்டிலுமே இல்லை. அவை ஏசாயா முதல் அதிகாரத்திலிருந்து பிற்காலத்தார் ஓட்டிவந்தவை. ஞானிகள் மூவர் என்ற கணக்கும் மத்தேயுவில் கிடையாது. போதாக்குறைக்கு, அவர்கள் வந்து சேர்வது ஒரு வீட்டுக்கு, தொழுவத்துக்கு அல்ல. இந்த முரண்பாட்டை நான் அம்மாவிடம் எடுத்துவைத்தேன். “ஏலே, அப்பம் ராஜாக்கள வாசல்லயே நிப்பாட்டச் சொல்லுதியா?” என்றாள். விவிலிய ஆய்வு அத்துடன் நிறைவுற்றது.

அளவுச் சிக்கலுக்கு வருவோம். மாதாவும் சூசையப்பரும் ஆச்சி காலத்து மண் சுரூபங்கள். இடையர்கள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். ஆடுகள் ஏதோ ஒரு பனிமய மாதா திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக். ஆடு நிமிர்ந்தால் சூசையப்பரின் தோளை முட்டும்; மாடு அவர் முழங்காலோடு சரி. தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரியும் என்ற ஓவிய விதியை இங்கே பொருத்திப் பார்த்துத் தோற்றேன், ஏனென்றால் மாடுதான் முன்வரிசையில் நிற்கிறது. நான் எட்டிய முடிவு இது: வீட்டுக் குடிலில் உருவத்தின் அளவைத் தீர்மானிப்பது வாங்கிய அன்று கையில் மிஞ்சியிருந்த காசு. கழுதைக்கு ஒரு காது இல்லை. அந்தப் பக்கத்தைச் சுவரோரமாகத் திருப்பிவைப்பது மரபு.

புலியைப் பற்றி இரு கொள்கைகள் உள்ளன. சிறுத்தையும் வெள்ளாட்டுக்குட்டியும் ஒன்றாகப் படுத்திருக்கும் நாளை ஏசாயா பதினொன்றாம் அதிகாரம் முன்னறிவிப்பதால் புலிக்கு இறையியல் இடம் உண்டு என்பது என் கொள்கை. தம்பி சின்னப் பிள்ளையில் வைத்துவிட்டு எடுக்க விடாமல் அழுதான் என்பது அக்காவின் கொள்கை. சான்றுகள் அவள் பக்கமே வலுவாக உள்ளன.

இனி பனி. தென்கோடி உப்பளத்து ஊரில் பனி எதற்கு என்று கேட்போர் உண்டு. பெத்லகேம் கடல்மட்டத்துக்கு 700 மீட்டருக்கு மேலே இருக்கும் மலையூர். எப்போதாவது அங்கே பனி விழுவதும் உண்மை. அதைவிட வலுவான சான்று எங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1713இல் எழுந்த எங்கள் பெரிய கோயிலே பனிமய மாதாவுக்கு உரியது. கோடையில் ரோமாபுரியின் குன்று ஒன்றில் பனி பெய்ததாகச் சொல்லும் பழங்கதையிலிருந்து வந்த பெயர் அது. ஆகஸ்ட் 5ஆம் தேதி ரோமின் மரியா பேராலயத்தில் அந்தப் பனியின் நினைவாகக் கூரையிலிருந்து வெள்ளைப் பூவிதழ்களைக் கொட்டுவார்கள். ஆக, பனிக்கு மாற்றுப்பொருள் வைப்பது திருச்சபைக்கே உடன்பாடானது. எந்த மாற்றுப்பொருள் என்பதில்தான் பிளவு.

மாற்றுப்பொருளாக உப்பை முன்மொழிந்தவர் சித்தப்பா. மலிவு, வெண்மை, மண்ணின் பெருமை என்பவை அவர் வாதங்கள். வேதியியல் அவருக்கு எதிராக இருந்தது. கழுவாத உப்பில் கிடக்கும் மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டிசம்பரோ வடகிழக்குப் பருவமழைக் காலம். வைக்கோல் நசநசத்தது, பக்கத்தில் கிடந்த சீரியல் செட்டைப் பார்த்து அம்மா அலறினாள், பஞ்சு மீண்டும் ஆட்சிக்கு வந்தது. பஞ்சைப் பிய்த்துத் தூவவேண்டும், உருட்டி வைக்கக்கூடாது. கூரையில் தாராளமாக, மாதாவின் மேல் அறவே கூடாது. “பிள்ளப் பெத்த உடம்புக்குக் குளிரும்” என்பது அம்மா தரும் காரணம். இதை மறுக்கும் அறிஞரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

பஞ்சுக்கு எதிரே சரிந்திறங்கும் பச்சைப் புல்வெளி, சிரட்டைகளில் முளைக்கவைத்த கேழ்வரகு. பனியும் பசும்புல்லும் ஒரே சரிவில் எப்படி என்று கேட்காதீர்கள். சிமெண்ட் பைக் காகிதத்தைக் கசக்கி, பசை தடவிச் செய்த மலைதான் இரண்டையும் பிரிக்கிறது.

சீரியல் செட் தொடர்ச்சுற்று ஆகையால், பழைய ரகத்தில் ஒரு பல்பு போனால் மொத்தமும் அணையும். குற்றவாளியைக் கண்டுபிடிக்க அம்மா ஒவ்வொன்றாகத் திருகிப் பார்க்கிறாள். மல்டிமீட்டருடன் நான் வந்து சேர்வதற்குள் விளக்கு எரிந்துவிடுகிறது.

ஆட்கள் குடியேறுவதற்கும் கால அட்டவணை உண்டு. பாலன் நடுச்சாமப் பூசை முடியும்வரை பீரோவில் சேலைகளுக்கு நடுவே இருப்பார். அதுவரை தீவனத்தொட்டி காலி. மூன்று ராஜாக்களும் கிழக்கிலிருந்து வந்தாகவேண்டும். எங்கள் வீட்டில் கிழக்கு என்பது அடுக்களை. ஆகவே அஞ்சறைப்பெட்டி அருகே புறப்பட்டு, பிரிட்ஜ் உச்சி, சாப்பாட்டு மேசை, டிவி மேசை என்று அன்றாடம் கொஞ்சம் நகர்ந்து, ஜனவரி 6 அன்று குடிலை அடைவார்கள். ஒட்டகத்துக்கு பிரிட்ஜிலிருந்து இறங்க ஒரு நாள் கூடுதல்.

இவ்வளவையும் அம்மா ஒருநாளும் உட்காரவைத்துச் சொல்லித்தந்ததில்லை. ஆச்சியும் அவளுக்குச் சொல்லித்தரவில்லையாம். தவறாக வைக்கும்போது விழும் ஏச்சுதான் ஒரே பாடத்திட்டம். வெளியூரிலுள்ள அக்கா இப்போது வீடியோ அழைப்பில் தன் குடிலைக் காட்டுகிறாள். “ஏட்டி, பஞ்ச கொற” என்று இங்கிருந்து உத்தரவு போகிறது. அதே வாக்கியத்தை அவள் தன் மகளிடம் சொல்லிக் கேட்டேன். மரபு பத்திரமாகக் கைமாறுகிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

நிறைவாக வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். ராஜாக்கள் திருநாள் கழிந்து உங்கள் வீட்டுப் பெட்டியைக் கட்டும்போது, இரண்டு காதும் உள்ள கழுதை உபரியாக இருந்தால் ஒதுக்கிவையுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அளவு எதுவானாலும் சரி.