கவுன்சிலர் வீட்டுக்காரருக்கு ஒரு பாராட்டு

எங்கள் பீர்க்கன்கரணைப் பக்கம் தெருவில் ஒரு குறை என்றால் கை தானாகப் போவது கவுன்சிலர் வீட்டுக்காரரின் எண்ணுக்குத்தான். குறிப்பிட்ட ஒரு வார்டையோ ஒரு மனிதரையோ மனதில் வைத்து இதை எழுதவில்லை. தாம்பரத்திலிருந்து தூத்துக்குடி வரை, பெண்களுக்கு ஒதுக்கிய வார்டுகளில் நீங்களும் அவரைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு போன். இவ்வளவு உழைக்கிறவரை இதுவரை யாரும் முறையாகப் பாராட்டியதில்லை. நான் பாராட்டுகிறேன். இதில் ஒரு சொல்லும் மிகையில்லை.

கார்த்திகை மழையில் அவரைப் பார்க்கவேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைக் கண்ட பகுதி இது. இரண்டு நாள் விடாமல் பெய்தாலே தாழ்வான தெருக்காரர்களுக்குத் தூக்கம் போய்விடும். அந்த நேரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முட்டளவு தண்ணீரில் நிற்பவர் அவர். மோட்டார் எங்கே கிடைக்கும், டீசலுக்கு யாரைக் கேட்கலாம், கால்வாயை அடைத்துக்கொண்டு எந்த மூலையில் யாருடைய சுற்றுச்சுவர் நிற்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தெருவிளக்கு எரியவில்லையென்றால் யாரைக் கூப்பிடவேண்டும் என்று தெரியும். கழிவுநீர் லாரி டிரைவரின் எண் அவரிடம் இருக்கும். காதுகுத்து, கிரகப்பிரவேசம், பதினாறாம் நாள் காரியம் எதையும் தவறவிடமாட்டார்.

இத்தனைக்கும் ஊர் ஓட்டுப் போட்டது அவருக்கில்லை. உறுதிமொழி எடுத்துக் கையெழுத்துப் போட்டவரும் அவரில்லை. வேட்புமனுவில் இருப்பது மனைவியின் பெயர், சொத்துக் கணக்கும் மனைவியுடையது. நாளைக்கு ஒரு தீர்மானத்தில் கோளாறு என்றால் நோட்டீஸ் வரப்போவதும் மனைவி பெயருக்கே. பதவியின் சுமையை அப்படியே மனைவியிடம் விட்டுவிட்டு அதன் வேலையை மட்டும் தன் தலையில் ஏற்றிக்கொள்கிற மனிதரை வேறு எந்தத் துறையில் பார்க்கமுடியும்?

அவருடைய விசிட்டிங் கார்டு ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். நடுவில் கொட்டை எழுத்தில் மனைவியின் பெயர், அதன் கீழே 'மாமன்ற உறுப்பினர்'. அடியில் இரண்டு எண்கள். முதல் எண்ணை அழைத்தால் அவர் எடுப்பார். இரண்டாவதை அழைத்தாலும் அவரே எடுப்பார். "மேடம் இருக்காங்களா?" என்றால், "எங்கிட்ட சொல்லுங்க சார், நானே பாத்துக்கிறேன்" என்பார். சொன்னபடி பார்த்துக்கொள்ளவும் செய்வார். முத்திரையும் மைப்பெட்டியும் அவர் காரிலேயே இருப்பதால், சான்றிதழ் வாங்க வருகிறவர்கள் காத்திருக்கத் தேவையில்லை. கையெழுத்துக்கு மட்டும் தாள் வீட்டுக்குள்ளே போய்வரும்.

அதிகாரிகளையும் பாராட்டவேண்டும். யாரிடம் பேசினால் வேலை நடக்கும் என்பதை அவர்களைப் போலச் சீக்கிரம் கண்டுகொள்கிறவர்கள் இல்லை. சாலை எஸ்டிமேட்டைப் பற்றிப் பேச என்ஜினியர் அழைப்பது அவரைத்தான், கான்டிராக்டர் தேடி வருவதும் அவரைத்தான். பூமி பூஜையில் தேங்காய் உடைக்கக் கவுன்சிலரைக் கூப்பிடுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். படம் எடுத்து முடித்ததும் சாலை எத்தனை அடி அகலம், வடிகால் எந்தப் பக்கம் என்ற பேச்சு ஆண்கள் நின்றிருக்கும் மரநிழலில் தொடங்குகிறது. யாரும் அந்தப் பெண்ணிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொள்வதில்லை. நாற்காலி போடுகிறார்கள், ஜூஸ் கொடுக்கிறார்கள், சால்வை போர்த்துகிறார்கள். கேள்வி மட்டும் கேட்பதில்லை.

சட்டத்தை எழுதியவர்கள் தங்கள் பங்கைக் குறைவில்லாமல் செய்திருக்கிறார்கள். 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம், 74ஆம் அரசியல் சாசனத் திருத்தங்கள் உள்ளாட்சி இடங்களில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்குக் கொடுத்தன. பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகைக்கேற்ற பங்கும், அதற்குள் பெண்களுக்கு உள்பங்கும் வந்தன. தமிழ்நாடு 2016இல் பெண்களின் பங்கைப் பாதியாக்கியது. பாதி கொடுத்த அதே ஆண்டு அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் வழக்கில் சிக்கியது, பிறகு தள்ளிக்கொண்டே போனது. நகர்ப்புறத்தில் அந்தப் பாதிப் பங்கு கைக்கு வர 2022 பிப்ரவரி வரை ஆயிற்று. இடையிலே ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். 2021 நவம்பரில் பீர்க்கன்கரணைப் பேரூராட்சியைத் தாம்பரம் மாநகராட்சியோடு இணைத்தபோது, மன்றத்தில் உட்கார்ந்து சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. அந்த ஐந்தாண்டுகளில் முழுச் சமத்துவம் நிலவியது என்பதை நான் மறுக்கமாட்டேன்.

2022 மார்ச்சில் வந்த மாற்றத்தை யாரும் சிறிதென்று சொல்லக்கூடாது. தாம்பரத்தின் முதல் மேயராக வசந்தகுமாரி பொறுப்பேற்றார், 25 வயதில். சென்னைக்கு 28 வயதில் பிரியா. இரண்டு நாற்காலிகளும் பட்டியல் சாதிப் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டவை. சென்னை மாநகராட்சிக்கு இருக்கும் முந்நூறு ஆண்டு வரலாற்றில் அதற்கு முன் மேயரான பெண்கள் 1957இல் தாரா செரியன், 1971இல் காமாட்சி ஜெயராமன், அவ்வளவுதான். ஒதுக்கீடு இல்லாவிட்டால் நம் கட்சிகளுக்கு இந்த இரண்டு இளம்பெண்களும் கண்ணில் பட்டிருப்பார்களா? தகுதியானவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஆற்றல் கட்சிகளுக்கு உண்டு என்பதைச் சட்டம் வற்புறுத்தியபோதெல்லாம் அவை நிரூபித்திருக்கின்றன. சட்டம் வற்புறுத்தாத சட்டமன்றத்துக்கு 2021இல் 234 பேரில் 12 பெண்கள் போனார்கள்.

உட்கார இடம் கிடைத்தபின் என்ன நடக்கிறது என்பதை அமெரிக்காவில் ஒருவர் பொறுமையாக ஆராய்ந்திருக்கிறார். மேரி ஹாக்ஸ்வொர்த் என்ற அரசியல் அறிஞர் 2003இல் வெளியிட்ட ஆய்வு அது. 1993 முதல் 1997 வரை அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் இரண்டு பதவிக்காலங்களில் உறுப்பினராக இருந்த பெண்களின் நேர்காணல்களை அவர் எடுத்துக்கொண்டார். கறுப்பினப் பெண்களும் பிற சிறுபான்மை இனப் பெண்களும் சொன்னது ஒரே மாதிரி இருந்தது. அவர்கள் பேசுவது காதில் விழாததுபோல அவை நகர்கிறது. அவர்கள் எடுத்த பொருள் பேச்சிலிருந்து காணாமல் போகிறது. தாங்கள் நன்கறிந்த விஷயத்திலேயே அவர்கள் நிபுணத்துவம் கேள்விக்குள்ளாகிறது. ஏழைத் தாய்மார்களுக்கான உதவித்தொகையை மாற்றியமைத்த விவாதத்தில், அந்த வாழ்க்கையை அருகிலிருந்து அறிந்த அந்தப் பெண்களின் வாதம் எடுபடவில்லை. சட்டம் 1996இல் நிறைவேறியது. இப்படி ஓரங்கட்டுவது தனிமனிதர்களின் கெட்ட குணம் மட்டுமில்லை, மன்றம் நடக்கும் முறையிலேயே இனமும் பாலினமும் ஊறியிருக்கின்றன என்பது அவர் முடிவு.

அமெரிக்கர்களுக்கு இதை அறியப் பல நேர்காணல்கள் வேண்டியிருந்தன. நமக்கு ஒரு புகைப்படம் போதுமானதாக இருந்தது. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் ஊராட்சிக் கூட்டத்தின் படம் வெளியே வந்தது. மற்றவர்கள் நாற்காலியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில். அதே ஆண்டு சுதந்திர நாளில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பட்டியல் சாதிப் பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. சில நாள் கழித்து ஆட்சியர் போய்நின்று ஏற்றவைத்தார். இதற்கெல்லாம் முன்பே, 1997 ஜூன் 30இல் மேலவளவில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஆறு பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் செய்த குற்றம், ஒதுக்கிய இடத்துக்கு நின்று வென்றது. இந்த இடத்தில் பாராட்ட எனக்கு வாய் வரவில்லை. நம் வீட்டுக்காரர் யாரையும் தரையில் உட்காரவைப்பவர் இல்லை, மனைவிக்கு நல்ல நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறார். ஆனால் தரையில் உட்காரவைக்கப்பட்டவருக்கும் நாற்காலியில் பேசாமல் உட்காரவைக்கப்பட்டவருக்கும் தீர்மானப் புத்தகத்தில் ஒரே வேலைதான்.

பெண் உண்மையாகவே முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் விடை இருக்கிறது. ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் செய்த ஆய்வு 2004இல் வந்தது. எந்த ஊராட்சிக்குப் பெண் தலைவர் என்பது குலுக்கலைப் போல அமைந்ததால், அந்த ஊர்களையும் மற்ற ஊர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. பெண் தலைமை கிடைத்த ஊர்களில் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவாகியிருந்தது. ஊர்ப் பெண்கள் அதிகம் முறையிட்டதும் தண்ணீரைப் பற்றித்தான். அந்தத் தலைவர்களுக்கும் வீட்டில் கணவர்கள் இருந்தார்கள், படிப்பும் அனுபவமும் குறைவு. அப்படியும் பணம் போகும் திசை மாறியது. புறநகரில் கோடையில் லாரித் தண்ணீருக்காக வீட்டு வாசலில் காத்திருப்பவர் யார், லாரி எத்தனை மணிக்கு வந்தால் வேலைக்குப் போகிற பெண் பிடிக்கமுடியும் என்பது மரநிழல் பேச்சில் வராது. கேட்டிருந்தால் கவுன்சிலரே சொல்லியிருப்பார். அவரும் குடத்தோடு நின்றவர்தான்.

மும்பையிலிருந்து இன்னொரு செய்தி. 1997இல் பெண்களுக்கு ஒதுக்கி 2002இல் பொதுவாக்கிய வார்டுகளை ரிகில் பவ்னானி ஆராய்ந்தார். ஒருமுறை ஒதுக்கீட்டில் இருந்த வார்டில், ஒதுக்கீடு போன பிறகும் ஒரு பெண் ஜெயிக்கும் வாய்ப்பு மற்ற வார்டுகளைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. ஒரு தடவை உட்கார்ந்தவர்களையும் உட்கார்ந்ததைப் பார்த்தவர்களையும் அது மாற்றிவிடுகிறது. அதற்கு அந்தப் பெண் உண்மையாகவே உட்கார்ந்திருக்கவேண்டும், ஊர் அவர் குரலைக் கேட்டிருக்கவேண்டும்.

எங்கள் பக்கத்து வார்டுகளும் சுழற்சியில் ஒரு நாள் பொதுவாகும். அன்றைக்குக் கட்சி அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்கும் வரிசையில் நம் வீட்டுக்காரர் நிற்பார். நிற்கட்டும், அவருக்கு எல்லாத் தகுதியும் இருக்கிறது. கால்வாய் தெரியும், அதிகாரிகளைத் தெரியும், ஊர்ச் சாவுக்கெல்லாம் போயிருக்கிறார். தன் பெயரில் நின்று, தன் படத்தைப் போட்டு, தன் சொத்துக் கணக்கைக் காட்டி ஓட்டுக் கேட்டால் நான் அவருக்கே போடுவேன். அந்தத் தேர்தல் வரும்வரை அந்த இரண்டு போன்களில் ஒன்றை, மணி அடிக்கும்போதே, வீட்டுக்குள் கொண்டுபோய்க் கவுன்சிலரின் கையில் கொடுத்துவிடவேண்டும் என்று அவரைக் கேட்டுக்கொள்கிறேன். முத்திரையையும் சேர்த்து.