நாற்பதிலேயே இதயத்துக்கு அறுபதாம் கல்யாணம்

ஆளுக்கு வயது நாற்பது, இதயத்துக்கு மட்டும் அறுபது. இந்த நிலையை எட்டப் பலரும் வருடக்கணக்கில் பாடுபடுகிறார்கள். அவ்வளவு பாடு வேண்டாம், படுத்துக்கொண்டாலே போதும்.

1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் இருபது வயதுள்ள ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் கட்டிலோடு கட்டிலாகக் கிடக்கவைத்தார்கள். எழுந்தபோது, கடுமையாக உழைக்கையில் உடம்பு பயன்படுத்தும் ஆக்சிஜன் கால்பங்குக்கு மேல் குறைந்திருந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரைத் தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். முப்பது வருட மூப்பு செய்ததைவிட அந்த மூன்று வாரம் அதிகம் செய்திருந்தது! நம் வீட்டு சோபாவுக்கு இதைவிடப் பெரிய நற்சான்று கிடைக்காது. எழுந்துவிடாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான். அந்த ஐவரும் ஐம்பது வயதில் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று ஆறு மாதம் பயிற்சி எடுத்து, இழந்த திறனைத் திரும்பப் பெற்றுக் காரியத்தையே கெடுத்துவிட்டார்கள்.

அடுத்து, பழியைப் போட ஒரு இடம் வேண்டும். "எங்க பரம்பரையே இப்படித்தான் சார். அப்பாவுக்கு அம்பதுல வந்துச்சு, சித்தப்பாவுக்கு நாப்பத்தெட்டுல." இதை டீக்கடையில் இரண்டாவது சிகரெட்டைப் பற்றவைக்கும்போது சொல்வது உத்தமம். முழுப் பொய்யும் அல்ல. தெற்காசியர்களில் நூற்றுக்கு நாலு பேரிடம் இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதை ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு மையத்தின் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2009இல் எழுதினார்கள். நடுவயதுக்கு மேல் இதயத் தசையைப் பலவீனப்படுத்தக்கூடிய குறை அது. மாரடைப்பு ஆபத்தைக் கூட்டும் கொழுப்புத் துகளான லிப்போபுரோட்டீன் (ஏ) என்று இன்னொன்று உண்டு. ரத்தத்தில் அது எவ்வளவு இருக்கும் என்பதைப் பெரும்பாலும் மரபணுவே முடிவு செய்கிறது. கீரை தின்றாலும் பெரிதாக இறங்காது. மனப்பாடம் செய்துவையுங்கள், உதவும்.

ஆனால் 2016இல் வந்த ஓர் ஆய்வை வீட்டில் யார் கண்ணிலும் படவிடாதீர்கள். ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பார்த்த ஆய்வு. மரபணு வழியில் ஆபத்து மிக அதிகம் என்றிருந்தவர்களிலும், புகைக்காமல், எடை ஏறாமல், உடற்பயிற்சியும் நல்ல சாப்பாடுமாக இருந்தவர்களுக்கு, அப்படி இல்லாதவர்களைவிட மாரடைப்பு போன்ற சங்கடங்கள் ஏறக்குறையப் பாதிதான் வந்தனவாம். அப்பாவிடமிருந்து வந்ததில் மரபணு எது, ஊறுகாய் ஜாடி எது, சாப்பிட்டதும் போடும் குட்டித்தூக்கம் எது என்று யாராவது பிரிக்க ஆரம்பித்தால் உடனே பேச்சை மாற்றுங்கள். பிரித்தால் நம் கட்சி தோற்றுவிடும். "அப்பாவுக்கு அம்பதுல வந்துச்சுன்னா நீங்க முப்பதுலயே சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பாத்திருக்கணுமே" என்று டாக்டர் கேட்பார். அங்கே மட்டும் பரம்பரையை மறந்துவிடுங்கள்.

பிரஷர் பார்க்கவே கூடாது. தலை சுற்றவில்லை, ஆகவே பிரஷர் இல்லை. கூடுதல் அழுத்தத்தை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளித்தள்ளி இடது கீழறையின் சுவர் தடித்து விறைப்பதும், பெருந்தமனி நெகிழ்வை இழப்பதும் சத்தமில்லாமல் நடக்கும் வேலைகள். கருவியைக் கட்டி எதற்குத் தொந்தரவு செய்வது? உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது. அப்பளமும் கருவாடும் எந்த ஊர்க் கணக்கில் வரும் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

காலை நடையைத் தவிர்க்கவே முடியாதவர்கள் பூங்காவை இரண்டு சுற்று சுற்றிவிட்டு, வாசலில் இரண்டு மெதுவடையும் கெட்டிச் சட்னியும் சாப்பிட்டுக் கணக்கை நேர்செய்துகொள்ளலாம். பெரும்பாலோர் இதை யாரும் சொல்லாமலே செய்கிறார்கள்.

ஆபத்தான காலம் நாற்பத்தைந்திலிருந்து அறுபத்துநாலு வரை. அந்த வயதில், உட்கார்ந்தே பழகியவர்கள் வாரம் நாலைந்து நாள் வீதம் இரண்டு வருடம் முறையாகப் பயிற்சி செய்ததில் இதயத்தின் விறைப்பு குறைந்தது என்று அதே டல்லஸிலிருந்து 2018இல் சொல்லிவிட்டார்கள். எழுபதை ஒட்டித் தொடங்கியவர்களிடம் ஒரு வருடப் பயிற்சியால் அந்த விறைப்பு அசையவில்லை. ஆகவே இடைப்பட்ட இருபது வருடத்தை எப்படியாவது ஓட்டிவிடவேண்டும். அதற்குள் யாராவது வாசலில் நின்று "வாங்கண்ணே, ஒரு நடை போய்ட்டு வரலாம்" என்று கூப்பிட்டால், முழங்கால் வலி என்று சொல்லுங்கள். அதுவும் பரம்பரைதான்.