பெருமூச்சுக்கும் ஒரு கட்டம் உண்டு

இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் வந்தால் தவறாமல் கேட்கக் கிடைக்கும் வாசகம் ஒன்று உண்டு: “ஒருத்தரும் சரியில்லை.” 1982இல் முதலாவது தேர்தல் நடந்தபோது களத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். ஆறு பேரில் எப்படி நல்லவரைத் தேடுவது என்று அன்று அலுத்துக்கொண்டதில் நியாயம் இருந்தது. 2019இல் 35 பேர் நின்றார்கள். 2024இல் 39 பேர் வேட்புமனுக் கொடுத்து, ஒருவர் காலமாகி, 38 பேர் எஞ்சினார்கள். வாக்குச்சீட்டு இரண்டடியைத் தாண்டியது. மடித்துப் பெட்டிக்குள் போடுவதே ஒரு கைத்தொழிலாயிற்று. ஆனாலும் வாசகம் மாறவில்லை. தட்டுப்பாடு ஆட்களில் இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. இத்தனை பேரும் வெல்ல வந்தவர்கள் அல்லர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கட்சி வேட்பாளர் 50,000 ரூபாயும் சுயேச்சை 75,000 ரூபாயும் கட்டுப்பணம் செலுத்தினால், அரச வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேச நேரமும், வாக்கெண்ணும் நிலையத்தில் முகவர் வைக்க உரிமையும் கிடைக்கும். அந்த விலைக்கு இவ்வளவு வெளிச்சம் வேறெங்கும் வாங்க முடியாது. செல்லுபடியான வாக்குகளில் எட்டிலொரு பங்கு கிடைக்காதவரின் கட்டுப்பணம் திரும்பி வராது. 2024இல் அது திரும்பக் கிடைத்தது மூவருக்கு மட்டும்தான். ஆக, இரண்டடிச் சீட்டிலும் உண்மையான தேர்வு ஒரு சாண் நீளம்தான். அந்தச் சாணுக்குள்ளும் மனம் நிறையவில்லை என்பதுதான் நம் வழக்கு.

இந்த வழக்கில் நான் வாக்காளர் பக்கம்தான். ஆனால் தீர்ப்பில் ஒரு சிறு திருத்தம் கேட்கிறேன். “ஒருத்தரும் சரியில்லை” என்பதை நாம் வாதத்தின் முடிவாக வைக்கிறோம். அதைத் தொடக்கமாக வைக்க வேண்டும். வாக்காளர் மனநிறைவோடு வருவார் என்று நம் சட்டமே எதிர்பார்க்கவில்லை. மூவருக்கு மேல் போட்டியிட்டால், ஒரே சீட்டில் 1, 2, 3 என்று மூன்று பேருக்கு விருப்பத்தை வரிசைப்படுத்தலாம். செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் ஒருவருக்கும் கிடைக்காவிட்டால், முதல் இருவரை வைத்துக்கொண்டு மற்றவர்களை வெளியே அனுப்புவார்கள். வெளியேறியவர்களின் சீட்டுகளில் இரண்டாம் எண் அந்த இருவரில் யாருக்கு என்று பார்ப்பார்கள்; இல்லையென்றால் மூன்றாம் எண்ணைப் பார்ப்பார்கள். காதலோடு வாக்களிப்பவருக்கு இந்த ஏற்பாடு எதற்கு? அவருக்கு ஒரு புள்ளடி போதும். இரண்டாம் மூன்றாம் கட்டங்கள், தலையைச் சொறிந்துகொண்டு நிற்பவருக்காகவே ஒதுக்கிய இடம். நமக்குக் கிடைத்த சட்டங்களில் நம் பெருமூச்சைக் கணக்கில் எடுத்தது அநேகமாக இது ஒன்றுதான்.

முதலில், வாக்கு என்பது என்ன என்ற கேள்வியைத் தீர்த்துவிடலாம். நம்மில் பலர் அதை நற்சான்றிதழ் என்று நினைக்கிறோம். ஒருவருக்குப் புள்ளடி போட்டால் அவருடைய கடந்த காலம், கூட்டாளிகள், மேடையில் பாடிய பாட்டு எல்லாவற்றுக்கும் கையொப்பம் வைத்ததாகிவிடும் என்று கூசுகிறோம். உண்மையில் அது வீட்டை வாடகைக்கு விடுவதைப் போன்றது. வருகிறவர் மகானா என்று யாரும் விசாரிப்பதில்லை; கதவைக் கழற்றி விற்பாரா, தவணை முடிந்தால் எழும்புவாரா என்றுதான் விசாரிக்கிறோம். வந்தவர்களில் ஒருவரும் பிடிக்கவில்லை என்று திண்ணையில் திரும்பி உட்கார்ந்துவிட முடியாது, ஏனென்றால் இந்த வீடு காலியாக இருக்காது. நாம் சாவி கொடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கொடுப்பார்.

இந்த விசாரணையை யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்கள் முதல் தேர்தலிலேயே செய்து காட்டினார்கள். 1982இல் சிறீமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகள் பறிக்கப்பட்டிருந்ததால் அவருடைய கட்சியின் சார்பில் நின்றவர் ஹெக்டர் கொப்பேகடுவ. 1972 அரசியல் யாப்பும் பல்கலைக்கழகத் தரப்படுத்தலும் சிறீமாவோ ஆட்சியின் கொடைகள். தமிழர் வாக்கு அந்தப் பக்கம் போகக் காரணமே இல்லை என்றுதான் எவரும் சொல்வார். ஆனால் செத்தல் மிளகாய், வெங்காய இறக்குமதியை நிறுத்திவைத்திருந்ததும் அதே ஆட்சிதான். அந்த ஆண்டுகளில் குடாநாட்டுத் தோட்டங்களில் பணம் புரண்டது. 1977க்குப் பிறகு ஜே.ஆர். ஜயவர்த்தன இறக்குமதியைத் திறந்துவிட, வெங்காயம் உரிக்காமலே கண்ணீர் வரவழைத்தது. முடிவில் யாழ்ப்பாண மாவட்டத்தில் குமார் பொன்னம்பலம் முதலிடம், ஹெக்டர் அவருக்கு நெருக்கமான இரண்டாமிடம், நாட்டையே வென்ற ஜே.ஆர். மூன்றாமிடம். ஹெக்டருக்கு வாக்களித்தவர்கள் யாப்பை மன்னித்துவிட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. யாப்பு ஒரு பக்கம், வெங்காய விலை ஒரு பக்கம் என்று பிரித்துக் கணக்குப் பார்த்தார்கள்.

2010இல் அந்தக் கணக்கு இன்னும் கடினமானது. போர் முடிந்து ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. பிரதான வேட்பாளர்கள் இருவர்: போரை நடத்திய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவும், போரை நடத்திய இராணுவத் தளபதியும். ஒரே வெற்றிக்கு இருவர் உரிமை கோரிய சொத்து வழக்கில், அந்தப் போரில் எல்லாவற்றையும் இழந்தவர்களை நடுவராக உட்கார வைத்தது போல ஆயிற்று. யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறக்குறையக் கால்வாசிப் பேர்தான் வாக்களித்தார்கள். வாக்களித்தவர்களில் 60 வீதத்துக்கும் அதிகமானோர் சரத் பொன்சேகாவைத் தேர்ந்தார்கள். தளபதி மேல் பாசம் பொங்கி அல்ல. அதிகாரம் ஒரே குடும்பத்தில் குவிவதைத் தடுக்க அன்று கையில் அகப்பட்ட தடி அவர் மட்டும்தான். தேர்தல் நாளன்று வேறொரு விஷயமும் வெளிவந்தது: பொன்சேகாவின் பெயர் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை, தனக்குத் தானே வாக்களிக்க அவரால் முடியவில்லை. வாக்கைக் காதலாக நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வேட்பாளர் தனக்கே போட முடியாத வாக்கை, அவரை நேசிக்க எந்தக் காரணமும் இல்லாதவர்கள் போட்டுக் கொடுத்தார்கள்.

இங்கே முதல் ஆட்சேபம் எழும்: எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தானே, எந்த மட்டையை எடுத்தால் என்ன? இந்த வாதத்தின் மிகச் சிறந்த வடிவத்தை வாக்காளர் அல்ல, ஒரு வேட்பாளரே சொன்னார். 2015 தேர்தலுக்கு முன் யாழ்ப்பாணம் வந்த மகிந்த ராஜபக்ச, தெரியாத தேவதையைவிடத் தெரிந்த பேய் மேல் என்பார்கள், அந்தத் தெரிந்த பேய் நான்தான், ஆகவே எனக்கு வாக்களியுங்கள் என்ற பொருளில் பேசினார். தன் வேட்பு விண்ணப்பத்தை இவ்வளவு நேர்மையாக எழுதியவர் வேறொருவர் இல்லை. சனம் முதல் பாதியை ஏற்றுக்கொண்டு இரண்டாம் பாதியை நிராகரித்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் நான்கில் மூன்று பங்கு வாக்கு மைத்திரிபால சிறிசேனவுக்குப் போனது. அவர் தேவதையாக இருந்தாரா என்றால், இல்லை. 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி, தான் தோற்கடித்த அதே மகிந்தவை அவரே பிரதமர் ஆக்கினார். அடுத்த இரண்டு வாரத்தில் பாராளுமன்றத்தையும் கலைத்தார். மட்டைவாதிகளுக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. டிசம்பர் 13ஆம் திகதி, அந்தக் கலைப்பு யாப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாலரை வருடத்துக்கு முன் பாராளுமன்றத்தை ஜனாதிபதி நினைத்தபடி கலைக்க முடியாது என்ற விதி வந்தது 2015இன் 19ஆவது திருத்தத்தில்; அதைக் கொண்டுவந்தது சிறிசேனவின் ஆட்சி. தன்னைக் கட்டப்போகும் கயிற்றைத் தானே திரித்துக் கொடுத்துவிட்டுத்தான் அவர் நம்மை ஏமாற்றினார். 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் அதே காலத்தது. ஏமாற்றம் தந்தவர்தான், ஆனால் மற்றவர் தந்திருக்கக்கூடிய அதே ஏமாற்றம் அல்ல. மட்டைகளுக்குள் வித்தியாசம் உண்டு.

இரண்டாவது ஆட்சேபம் புறக்கணிப்பு. வாக்களிக்காமல் இருப்பதும் ஒரு செய்தி என்பார்கள். செய்திதான், ஆனால் பெறுநர் அதைத் திறந்து படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2005இல் விடுதலைப் புலிகள் தேர்தலைப் புறக்கணிக்கச் செய்தார்கள்; யாழ்ப்பாண மாவட்டத்தில் பதிவான வாக்கு 1.21 வீதம். அதில் விருப்பம் எவ்வளவு, அச்சம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. புறக்கணிப்பின் முதல் குறையே அதுதான்: அதற்குக் குரல் இல்லாததால், அதன் பொருளை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். நாடளாவிய ரீதியில் மகிந்த வென்ற வித்தியாசம் 180,786 வாக்கு. யாழ்ப்பாணத்தில் மட்டும் ஏழு இலட்சம் பேர் பதிவாகியிருந்தார்கள். ரணில் விக்கிரமசிங்க வென்றிருந்தால் எல்லாம் நன்றாக நடந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ரணிலே தயங்குவார். எண்களைப் பார்த்தால், அந்தத் தேர்தலின் முடிவு வாக்களிக்காதவர்களின் கையில் இருந்தது. அவர்கள் செய்தி அனுப்பினார்கள், ஜனாதிபதியை மற்றவர்கள் அனுப்பினார்கள். தோற்ற ரணிலோ 17 வருடம் கழித்து, அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச நாட்டைவிட்டு ஓடியபின், பாராளுமன்றத்தில் 134 பேரின் வாக்கோடு அதே கதிரையில் உட்கார்ந்தார். இந்த முறை நம் வாக்கும் தேவைப்படவில்லை, புறக்கணிப்பும் தேவைப்படவில்லை.

சீட்டில் திட்டு எழுதிச் செல்லாத வாக்காக்குவோம் என்பவர்களுக்கும் இதே பதில். இலங்கையில் “இவர்களில் எவருமில்லை” என்று ஒரு கட்டம் கிடையாது. கோபத்தில் கெடுத்த சீட்டும், கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்து தப்பாகக் கீறிய சீட்டும் ஒரே கட்டில்தான் கட்டப்படும். புரட்சி எது, பார்வைக் குறைபாடு எது என்று எண்ணுகிற உத்தியோகத்தர் பிரித்து அறிவிக்கமாட்டார்.

மூன்றாவது ஆட்சேபம் மற்றவற்றைவிடக் கனமானது: வெல்லமாட்டார் என்று தெரிந்தும் கொள்கைக்காக ஒருவருக்கு வாக்களிப்பது வீணா? 2024இல் தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்ற பா. அரியநேத்திரனுக்கு 226,343 வாக்கு கிடைத்தது. அவர் சார்ந்த தமிழரசுக் கட்சியே சஜித் பிரேமதாசவை ஆதரித்தது. இன்னொரு தமிழ்க் கட்சி புறக்கணிக்கச் சொன்னது. ஒரு கேள்விக்கு மூன்று விடை, மூன்றும் தமிழ் மக்களின் ஒருமித்த முடிவு. ஆனால் இதில் அடிபட வேண்டிய அவசியமே இல்லை. சங்குக்கு 1 போட்டவர் வேறொருவருக்கு 2 போடுவதைச் சட்டம் தடுக்கவில்லை. முதல் எண் நாம் யார் என்று சொல்லும்; இரண்டாம் எண், நாளைக்கு யாரோடு மல்லுக்கட்டத் தயார் என்று சொல்லும். இரண்டாம் எண் முதல் எண்ணைப் பலவீனப்படுத்தும் என்பார்கள். எப்படி? முதலாமவர் போட்டியில் இருக்கும்வரை அதை யாரும் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள். அவர் வெளியேறிய பிறகுதான் அது உயிர் பெறும்.

அந்த உயிர் 2024இல் கிடைத்தது. 1982 முதல் 2019 வரை எல்லாத் தேர்தல்களிலும் முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதியைத் தாண்டியதால் இரண்டாம் எண்ணுக்கு வேலையே வரவில்லை. 2024இல் அநுர குமார திசாநாயக்க 42.31 வீதத்தில் நின்றார், சஜித் 32.76 வீதத்தில் நின்றார். வெளியேறிய 36 பேருக்கு விழுந்த வாக்குகள் 33 இலட்சத்துக்கு மேல். முதல் இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் 13 இலட்சத்துக்கும் குறைவு. எண்கணிதப்படி நாட்டின் முடிவு அந்த 33 இலட்சம் பேரின் இரண்டாவது மூன்றாவது கட்டங்களில் இருந்தது. அவற்றைத் திறந்து பார்த்தபோது அநுரவுக்குச் சேர்ந்தது 105,264. சஜித்துக்குச் சேர்ந்தது 167,867. அதாவது பன்னிரண்டு பேருக்கு ஒருவர். இருவருமே வேண்டாம் என்று தெரிந்தே விட்டவர்களும் அதில் இருப்பார்கள், அவர்களை மதிக்கிறேன். ஆனால் 30 இலட்சம் பேருக்கு இந்த இருவருக்கும் இடையே ஒரு நூலிழை வித்தியாசம்கூடத் தெரியவில்லை என்பதை, தேநீர்க் கடைகளில் அவர்கள் அந்த இருவரையும் ஒப்பிட்டுப் பேசியதைக் கேட்ட எவரும் நம்பமாட்டார். வேட்பாளர்களும் இதைச் சொல்லித் தருவதில்லை. “எனக்குப் பிறகு இவருக்குப் போடுங்கள்” என்பது, “நான் தோற்கப்போகிறேன்” என்பதன் மரியாதையான வடிவம். அதை மேடையில் சொல்லும் துணிவு யாருக்கு வரும்?

சரி, அந்த எண்களை எப்படித் தீர்மானிப்பது? எல்லோரும் சொல்லும் வாக்குறுதிகளை முதலில் கழித்துவிடலாம். நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை ஒழிப்பேன் என்று 1994இல் சந்திரிகா சொன்னார், நாளும் குறித்தார்: 1995 ஜூலை 15. 2005இல் மகிந்த சொன்னார், 2015இல் மைத்திரிபால சொன்னார், 2024இல் அநுர சொன்னார். ஒழிப்பதற்காகவே இத்தனை பேர் இவ்வளவு ஆசையோடு ஏறிய கதிரை வேறு கிடையாது. சின்னத்தையும் கழித்துவிடலாம், 2022இல் எரிவாயுவுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற நாட்டில், இரண்டு வருடம் கழித்து எரிவாயுச் சிலிண்டரே ஒரு வேட்பாளரின் சின்னமாக வந்தது. கழித்தபின் மிஞ்சுவது மூன்று கேள்வி. இவர் செய்யும் தவறுகளில் எவை திருத்த முடியாதவை? இவரிடம் “முடியாது” என்று சொல்ல யாருக்குத் துணிவும் சட்டமும் இருக்கும்? தவணை முடிந்தால் எழும்புவாரா? இவற்றுக்கு விடை காண நல்ல அபிப்பிராயம் தேவையில்லை. சந்தேகம் போதும், அது நம்மிடம் தாராளமாக இருக்கிறது.

இதெல்லாம் செய்தும் ஏமாந்தால்? ஏமாந்தவர் அடுத்த முறை மாற்றிப் போடலாம். 2024 செப்டெம்பரில் அநுரவுக்கு ஏழு வீதத்தைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்த யாழ்ப்பாண மாவட்டம், நவம்பர் பொதுத் தேர்தலில் அவருடைய கட்சிக்கு ஆறு ஆசனங்களில் மூன்றைக் கொடுத்தது. வாக்கு ஆயுள் சந்தா அல்ல என்பதை வாக்காளர்கள் வல்லுநர்களைவிட நன்றாக அறிவார்கள். ஆகவே “ஒருத்தரும் சரியில்லை” என்பவரை நான் மறுக்கப்போவதில்லை. 38 பேரையும் எடைபோட்டுத்தானே அப்படிச் சொல்கிறார். அவர்களில் யார் மிக மோசம், யார் அடுத்த மோசம் என்ற வரிசையும் அவர் மனதில் இருக்கத்தான் செய்யும். அதைத் தலைகீழாகப் பிடித்து முதல் மூன்று பெயருக்கு நேரே 1, 2, 3 என்று எழுதச் சொன்னால் அதற்குப் பெயர்தான் விருப்பு வாக்கு.