கீரியும் பாம்பும் கடைசிவரை மோதவில்லை

எண்பதுகளில் பாப்பிரெட்டிப்பட்டிச் சந்தைக்கு ஒரு வித்தைக்காரர் வருவார். மூடிய கூடைக்குள் பாம்பு, முளையில் கட்டிய கீரி, கையில் உடுக்கை. "இன்னும் அஞ்சே நிமிசம், ரெண்டும் மோதப் போவுது!" என்பார். அந்த அஞ்சு நிமிடத்துக்குள் தாயத்து வெளியே வந்துவிடும். "நடுவுல எவனாவது நகந்தான், ரத்தம் கக்குவான்" என்று எச்சரிக்கை வேறு. அரை டிராயர் காலத்தில் தொடங்கி மீசை அரும்பும் வரை அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறேன். கீரி ஒருநாளும் பாம்பைத் தொட்டதில்லை. எங்கள் வீட்டில் மட்டும் மூன்று தாயத்து சேர்ந்தது.

போன வாரம் போனில் ஒரு மிக்ஸி ஜார் பார்த்துக்கொண்டிருந்தேன். 'இரண்டே இரண்டுதான் மிச்சம்', 'சலுகை முடிய 14:59' என்று சிவப்பில் ஓடியது. மூடிவிட்டு வெளியே வரலாமென்றால், 'வேண்டாம், எனக்குப் பணத்தை மிச்சம் பிடிக்கத் தெரியாது' என்ற பொத்தானை அழுத்தச் சொன்னது. ரத்தம் கக்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வணிக நிர்வாகம் படிக்கும் மகள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். ராபர்ட் சியால்டினி என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் இதையெல்லாம் 1984-லேயே புத்தகமாக எழுதிவிட்டாராம். கார் விற்பவர்கள், நன்கொடை வசூலிப்பவர்கள் என்று பலரிடம் பயிற்சியாளனைப் போலப் போய்ச் சேர்ந்து, ஒளிந்திருந்து தொழில் ரகசியம் கற்றவர். மனிதரை மசியவைக்க ஆறு வழி என்றார்: கொடுத்து வாங்குவது, சொன்ன சொல்லில் மாட்டவைப்பது, ஊரைக் காட்டுவது, பிடித்தவராகிவிடுவது, பெரியவர் வாக்கு, தட்டுப்பாடு. பொம்மிடியில் ரயிலிறங்கி நம்ம ஊர்ச் சந்தைக்கு வந்திருந்தால் அந்த மனிதருக்குப் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

முக்குக்கடை மாமா பொட்டலத்தோடு என் உள்ளங்கையில் நாலு பொட்டுக்கடலை வைப்பார். அந்தக் கொசுறுக்காகவே எதிர்க்கடையைத் தாண்டி இவரிடம் ஓடுவேன். எதிர்க்கடையில் வெல்லம் விலை குறைவு என்பது அம்மாவுக்குத் தெரிய இரண்டு வருடமானது. பெரியவர் வாக்கு என்றால் ஜவ்வரிசி மில்தான். குச்சிக்கிழங்கு லோடை இறக்கி, மாதிரி எடுத்து நிறுத்து, மாவுச்சத்து "இத்தனை பாயிண்ட்" என்பார்கள். அதற்குமேல் அப்பா வாயைத் திறந்ததில்லை.

ஆனால் எனக்கு மறக்காதவர் சைக்கிளில் வந்த பாத்திரக்காரர். அம்மாவிடம் எவர்சில்வர் குண்டானை நீட்டி, "பக்கத்து வூட்டக்கா இப்பதான் எடுத்தாங்க, நீங்க பாத்து ரெண்டு பழைய சேலை போடுங்க தங்கச்சி" என்றார். அம்மா எடுத்தாள். சாயங்காலம் குழாயடியில் இருவரும் பேசிக்கொண்டபோதுதான் தெரிந்தது, அந்த அக்காவிடமும் இதையே அம்மா பேரைச் சொல்லி விற்றிருக்கிறார். யார் முதலில் வாங்கியது என்பது இன்றுவரை தீராத வழக்கு.

கம்பெனிகளும் இதற்கு விலக்கல்ல. கடலூர் சி.கே. ரங்கநாதன் 1983-ல் பதினைந்தாயிரம் ரூபாயோடு தொழில் தொடங்கியவர். அவருடைய சிக் ஷாம்பு ஆட்கள் கிராமம் கிராமமாகப் போய், பையன்கள் தலையில் தேய்த்துக் காட்டி, முகர்ந்து பார்க்கச் சொல்வார்கள். காலி பாக்கெட்டுகளைக் கொடுத்தால் ஒன்று இலவசம். முதலில் எந்தக் கம்பெனி பாக்கெட்டானாலும் சரி என்றார்கள். பிறகு சிக் பாக்கெட் மட்டும்தான் என்று மாற்றினார்கள். பழக்கிவிட்டுப் பிறகு கதவைச் சாத்துவது! இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அதுவரை தலைக்குச் சீயக்காய் அல்லது துணிசோப்பு.

ஒன்றிய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில், போனில் நான் பார்த்தது போன்ற பதின்மூன்று தந்திரங்களைப் பெயர் சொல்லித் தடுத்து வழிகாட்டுதல் வெளியிட்டது. போலி அவசரம், கேளாமலே கூடையில் ஒரு பொருளைச் சேர்த்துவிடுவது, மறுத்தால் கூச்சப்படவைப்பது எல்லாம் பட்டியலில் உண்டு. என் வித்தைக்காரர் குறைந்தது மூன்றில் உள்ளே போயிருப்பார்.

பாத்திரக்காரருக்குச் சட்டமெல்லாம் தேவைப்படவில்லை. அடுத்த வாரம் அவரே அதே தெருவுக்கு வந்தாக வேண்டும். வந்தார். இரண்டு வீட்டுப் பெண்களும் சைக்கிள் ஹேண்டில்பாரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு கரண்டி கொடுத்த பிறகுதான் விட்டார்கள். போனில் எதைப் பிடிப்பது? 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று ஒரு பெட்டி வந்தது. அதைத் தட்டினால் ஐந்து நட்சத்திரம் கேட்டது.

சந்தைப் பழக்கம் விடாமல், கடைசி நொடி வரை என்ன ஆகிறதென்று பார்த்துக்கொண்டே இருந்தேன். 00:00. திரை ஒருமுறை சிமிட்டியது. மறுபடி 14:59.

"பாத்தீங்களாப்பா?" என்றாள் மகள், ஏதோ நானே கண்டுபிடித்துவிட்டதைப் போலப் பெருமையாக. ஜாருக்கு எட்டாவது நிமிடத்திலேயே பணம் கட்டிவிட்டதை நான் அவளிடம் சொல்லவில்லை.