ரிம்மிலேயே ஜொகூர் வரை

ஜொகூர் பாருவில் விடுமுறைக் காலையில் சைக்கிளோடு கிளம்புபவர் மாற்று ட்யூப், பஞ்சர் ஒட்டும் பெட்டி, டயர் நெம்பி, கைப்பம்பு, கரியமிலவாயுக் குப்பி என்று சீர்வரிசையே கட்டுகிறார். போவதோ ரொட்டி சானாய் கடை வரைக்கும்.

1941 டிசம்பர் 8-ல் கோத்தா பாருவிலும் தாய்லாந்துக் கரையிலும் இறங்கிய ஜப்பானியப் படை, ஆயிரக்கணக்கான சைக்கிள்களோடு தெற்கே இதே ஜொகூரை நோக்கி வந்தது. வெயிலில் டயர் வெடித்தால்? பழுதுபார்க்கத் தனி ஆட்கள் இருந்தார்கள். நேரமில்லையென்றால் டயரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மிலேயே சவாரி.

இரவில் தார்ச்சாலையில் எழுந்த அந்தக் கடகடச் சத்தத்தை டாங்கிகள் என்றெண்ணி எதிரணியான பிரிட்டிஷ் படை மிரண்டதாக ஜப்பானிய அதிகாரி மசனோபு சுஜி எழுதினார்.

1942 ஜனவரி 31-ல் பிரிட்டிஷார் சிங்கப்பூருக்குச் செல்லும் ஜொகூர் கடற்பாலத்தையே வெடிவைத்துப் பிளந்தார்கள். சைக்கிளைத் தடுக்க அவர்களுக்குக் கிடைத்த ஆணி அதுதான். பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் சரணடைந்தது.