ஏற்றுமுன் காரியல்: பாஞ்சாலங்குறிச்சியை முன்வைத்து ஓர் ஆய்வு

காரை லாரியில் ஏற்றி அனுப்புமுன் செய்யவேண்டியவை குறித்துத் தமிழில் முறையான ஆய்வு இதுவரை நிகழவில்லை என்பது வருந்தத்தக்கது. (இந்த வாக்கியம் இல்லாமல் கட்டுரை தொடங்கினால் பட்டம் தரமாட்டார்கள்.) மருமகனுக்குப் புனேயில் வேலை கிடைத்ததால் அக்குறையை யாமே நீக்கப் புகுந்தோம்.

கேரியர் லாரி ஊருக்குள் வராது. காரைக் குறுக்குச்சாலைக்கு ஓட்டிப்போக வேண்டும்.

பெட்ரோல்: கால் டேங்க்.

டிக்கி: காலி. ஸ்டெப்னிக்கு அடியில் சித்தி ஒளித்த நெத்திலிக் கருவாடு தனி நூலுக்குரியது.

கழுவுதல்: கரிசல் புழுதி போனால்தான் கீறல் தெரியும். கீறலியல் பிறப்பது இங்கேதான். ஏற்றுமுன் நாலு புறமும் படம் எடுத்து, கீறல்களைத் தாளில் குறித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். தாளில் ஏறியது பழங்கீறல். ஏறாதது இறக்கும் இடத்தில் வழக்கு. யாம் கண்டவை பதினேழு. இடக்கதவின் நெடுங்கீறல் சீமைக்கருவேல முள்ளால் ஆனது (சித்தப்பா, திண்ணை). இல்லை, உடைமுள் (சித்தப்பா, அதே திண்ணை, திருத்திய பதிப்பு). பின்கதவுப் பள்ளமோ ஆடு முட்டியது. நாயை முயல் துரத்தியதாகச் சொல்லும் மண்ணில் காரை ஆடு முட்டாதா? (மேற்படி சித்தப்பா; சித்தி மறுத்தது; அம்மறுப்புக்குச் சித்தப்பா மறுப்பு, குறுக்குச்சாலை டீக்கடை, தெற்குப் பெஞ்சு, இரண்டாம் டீ, சீனி குறைவு.)

காலக்கணிப்பு மூன்று மணி நேரம் நடந்தது. பக்கத்தில் நின்ற மருமகன், "எல்லாம் நான் ரிவர்ஸ் எடுத்தப்போ ஆனது மாமா" என்றான். சம்பந்தப்பட்டவன் சாட்சியம் சார்புடையது என்பதால் அது அடிக்குறிப்புக்குத் தள்ளப்பட்டது. பெரிய அறிஞர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

2025 ஆகஸ்ட் 4 அன்று தூத்துக்குடி சிப்காட்டில் திறந்த வின்ஃபாஸ்ட் ஆலையிலிருந்து வரும் புதுக் கார்களில் கீறல் இருக்காது. ஆகவே அவை எழுத்தறியாக் காலத்தவை; எமக்குப் பயனில்லை.

கடைசியாக ஃபாஸ்டாக். ஒட்டியபடி விட்டால், கார் லாரி மேல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே சுங்கச்சாவடிக் கருவி அதைப் படித்துப் பணம் பிடித்துவிடக்கூடும். கும்பினியுடன் கிஸ்தித் தகராறு முற்றி, 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கில் தொங்கினார். அவர் ஊர்க் கார் ஓடாத ஓட்டத்துக்குக் கிஸ்தி கட்டலாமா? ஏற்றுமுன் அதைக் கழற்றிவிடுங்கள் ஐயா.